நீல உதட்டோடு கணவாய் ஏறிய செலக்டர்

ஆம்பூரிலிருந்து இமயமலைக்குப் போய், அந்த மலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தேர்டு குவாலிட்டிப்பா” என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அவரோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர்களுக்கே யாரென்று புரியாது. செலக்டர் என்று சொன்னால் கம்பெனி வாசலில் டீ விற்பவருக்குக்கூடத் தெரியும்.

தோல் கம்பெனியில் செலக்டர் என்றால் தரம் பிரிப்பவர். பதனிட்டுச் சாயம் ஏற்றிய தோல் மேசைக்கு வரும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவி, உண்ணி கடித்த இடம், முள் கீறிய கோடு, சுருக்கம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஃபர்ஸ்ட், செகண்டு, தேர்டு, ரிஜெக்‌ஷன் என்று சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் ஒருவன் நின்று தோலைப் புரட்டிக் காட்டி, அவர் சொன்ன அடுக்கில் வைக்க வேண்டும். அந்த ஒருவன் நான். பதினெட்டு வருடம் புரட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். அந்த வேலை எனக்குத் தோதாக இருந்தது. நாள் முழுக்க எங்கள் மேசையில் மொத்தம் நாலு வார்த்தைகள்தான் புழங்கும். நாலும் அவருடையவை.

மேசையை விட்டு வெளியே போன பிறகும் அவரால் தரம் பிரிப்பதை நிறுத்த முடியாது. அதுதான் சிக்கல். கேன்டீன் இட்லியைக் கையில் எடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் பிட்டதில்லை. ஒருமுறை அவருடைய அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனார்கள். இவர் பையனின் கையை ஜன்னல் பக்கம் இழுத்து, திருப்பிப் பார்த்து, “நடுவுல நல்ல கெட்டி. ஓரத்துல கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. செகண்டு போடலாம்” என்று சபையிலேயே சொல்லிவிட்டார். கல்யாணம் எப்படியோ நடந்தது. அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் இவரைக் கண்டால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

நெமிலியில் நடந்த மைத்துனன் கல்யாணம் இன்னும் மோசம். தாலி கட்டும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு இவர் தவில்காரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தவிலின் தோலைத் தடவ ஆரம்பித்தார். “இத உங்களுக்கு எவன் குடுத்தான்? பூரா உண்ணிக் கடி” என்று கேட்டிருக்கிறார். தவில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இருவரும் தோலின் மேல் தலையைக் கவிழ்த்து வாதாடிக்கொண்டிருந்தபோது ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் கேட்டார். நாயனம் மட்டும் தனியாக வாசித்தது. மூன்று முடிச்சும் விழுந்து முடிந்த பிறகுதான் மேளம் கொட்டியது.

இப்படிப்பட்டவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பனிமலைக்குப் போனதற்கு ஒரு வெள்ளைக்காரர் காரணம்.

வருடத்துக்கு ஒரு முறை ஜெர்மனியிலிருந்து ஒரு பெரியவர் தோல் வாங்க வருவார். அன்று காலை அவர் எங்கள் மேசைக்கு வந்து, செலக்டர் ஃபர்ஸ்ட் என்று அடுக்கியதிலிருந்து நாற்பது தோல்களை எடுத்து செகண்டில் வைத்துவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதியம் கேன்டீனில் அந்தப் பெரியவர் சிநேகமாக வந்து உட்கார்ந்து, போனில் ஒரு படம் காட்டினார். சுற்றிலும் பனி, கயிறு கயிறாக வண்ணத் துணிக்கொடிகள், நடுவில் சைக்கிளோடு அவர். லடாக்கில் லே என்ற ஊருக்கு மேலே இருக்கும் பெரிய கணவாயாம். இரண்டு மலைகளுக்கு நடுவில், வண்டி போகிற அளவுக்கு ஓர் இடுக்கு. அங்கே காற்றே பாதிதான் இருக்குமாம். அறுபத்திரண்டு வயதில் ஏறியிருக்கிறார். எக்ஸ்போர்ட் செக்‌ஷன் பெண்தான் இதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொன்னது.

பெரியவர் எழுந்து போனதும் செலக்டர் சொன்னார். “எழுந்திருக்கும்போது அவரு முட்டி சத்தம் போட்டுது, கேட்டியா? அவரே ஏறிட்டாரு. நம்ம முட்டி சத்தமே போடலயே.”

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எழுந்து நின்று, முந்நூறு பேர் சாப்பிடுகிற கேன்டீனில், வருகிற பொங்கலோடு தான் ரிட்டயர் ஆவதாகவும், அதற்குள் அந்தக் கணவாயைச் சைக்கிளில் மிதித்தே தாண்டுவதாகவும் அறிவித்துவிட்டார். வழியில் மூச்சு வாங்கினால் காலை ஊன்றி நிற்பாராம். இறங்கித் தள்ள மாட்டாராம். எந்த வண்டியிலும் ஏற மாட்டாராம். “வண்டில ஏறிக்கினு போனா அது பார்சல்பா” என்றார்.

டிரம் செக்‌ஷனில் ஒருவர் இருக்கிறார். தோலை ஊறவைத்துச் சுழற்றும் பெரிய மர உருளைகள் அவர் பொறுப்பு. முப்பது வருடமாகச் செலக்டரால் குறை சொல்லப்பட்டவர். அவர் சோற்றுக் கையோடு எழுந்தார்.

“பாலாத்துப் பாலம் ஏறும்போதே எறங்கித் தள்ற ஆளு நீ. இமயமலைய இன்னா பண்ணுவ? உருட்டிக்கினு வருவியா?”

கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கே முடிவாகிவிட்டது. அந்த மலையைத் தாண்டாமல் திரும்பினால், பொங்கல் வரைக்கும் இருக்கிற ஏழு மாதமும் செலக்டர் அந்தக் கேன்டீனில் தலை நிமிர்ந்து ஒரு கவளம் சாப்பிட முடியாது.

பயிற்சி ஆரம்பமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி, மேலே போய், “இது மலையே இல்லப்பா, மேடு” என்று தரம் சொல்லிவிட்டு இறங்குவார். குளிருக்குத்தான் ஆம்பூரில் வழியில்லை. வைகாசியில் எங்கள் ஊரில் குளிர் என்பது ஃப்ரிட்ஜைத் திறந்தால் மட்டும் கிடைக்கிற பொருள். அதனால் மார்க்கெட்டில் தெரிந்தவருடைய மீன் கடைக்குப் போய், ஐஸ் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு நின்றார். மீன் வாங்க வந்தவர்கள் இவர்தான் கடைக்காரர் என்று நினைத்து, எது நல்ல மீன் என்று கேட்டார்கள். கேட்கலாமா? “வவ்வாலு செகண்டு. சங்கரா ரிஜெக்‌ஷன்” என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது நாளே கடைக்காரர் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

காற்று குறைவாக இருக்குமே என்று மேனேஜர் கவலைப்பட்டார். அதற்குச் செலக்டர் வைத்திருந்த பதிலை இன்றுவரை யாராலும் மறுக்க முடியவில்லை.

“தோலு ஊறுற சுண்ணாம்பு யார்டு காத்துல முப்பது வருசம் மூச்சு வுட்டுருக்கேன் சார். அந்தக் காத்து கெட்டிக் காத்து. கடிச்சி இழுத்தாத்தான் உள்ள போவும். அங்க காத்து கம்மின்னா நமக்கு வேலையும் கம்மிதான?”

குளிருக்கு உடுப்பு வேண்டும். அங்கேதான் தப்பு நடந்தது.

கொஞ்ச நாள் முன்பு கருநீலத்தில் ஆட்டுத்தோல் லாட் ஒன்று வந்திருந்தது. பட்டு மாதிரி மெத்தென்று இருக்கும். ஆனால் ஈரத் தேய்ப்பில் தோற்றுப்போனது. ஈரத் தேய்ப்பு என்பது ஒரு சோதனை. வெள்ளைத் துணியை நனைத்துத் தோலின் மேல் பத்து முறை தேய்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தால் தோல் பாஸ். அந்த லாட்டில் தேய்த்த துணி சொட்டு நீலத்தில் முக்கியது போல வந்தது. செலக்டரே ரிஜெக்‌ஷன் போட்டு மூலையில் தள்ளினார். இப்போது அந்த மூலைக்குப் போய் நின்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “அங்க மழையே கிடையாதாம். எலும்பு மாதிரி காஞ்ச ஊராம். ஈரமே இல்லன்னா கலரு எப்படிப் போவும்?”

மேனேஜரிடம் கேட்டு எட்டுத் தோல் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி ராணி அண்ணி ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவர். கையுறை, காதை மூடும் குல்லா, மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி எல்லாவற்றையும் இரட்டைத் தையலில் தைத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு வந்து நின்றபோது செலக்டர் வங்கிக்குக் கொள்ளையடிக்கப் போகிறவர் போல இருந்தார். ஆனால் தையல் பிரமாதம்.

வேலூரில் ஒரு சைக்கிள் கோஷ்டி வருடா வருடம் லடாக் போகும். எல்லாம் இளவட்டம். அவர்களோடு செலக்டர் பெயர் கொடுத்தார். ராணி அண்ணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நீ கூடப் போய்ட்டு வாப்பா. பேசறவன் போனா ரெண்டு பேரும் பேசிக்கினே பள்ளத்துல வுழுவாங்க. நீதான் பேச மாட்டியே.”

முடியாது என்று சொல்லவும் பேசத்தானே வேண்டும். அதனால் நானும் போனேன்.

டெல்லி வரை ரயில், அங்கிருந்து விமானம். லேயில் இறங்கியதும் சுற்றிலும் மொட்டை மலைகள். மரம் இல்லை, புல் இல்லை. இளவட்டங்கள் எல்லாம் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். செலக்டர் இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மயிரு எடுத்த தோலு மாதிரி சுத்தமாத்தான் இருக்கு. ஆனா சுருக்கம் ஜாஸ்தி. கழுத்துத் தோலு. தேர்டு.”

ஆட்டுக்கோ மாட்டுக்கோ கழுத்துப் பக்கத் தோலில்தான் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் இருக்கும். அதற்குப் பிறகு நான் எந்த மலையைப் பார்த்தாலும் கழுத்தாகத்தான் தெரிந்தது. அது அவர் செய்த கெடுதி.

அந்த ஊரில் நாலு படி ஏறினால் நாலு மாடி ஏறியது போல மூச்சு இரைக்கிறது. உடம்பு பழக வேண்டும் என்று மூன்று நாள் சும்மா இருக்கச் சொன்னார்கள். சும்மா இருப்பாரா? ஊருக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த யாக் எருமை ஒன்றின் பக்கத்தில் போய், நீள மயிரை விலக்கி, விலாவைத் தடவி, முதுகைத் தட்டி, கழுத்து மடிப்பைக் கிள்ளிப் பார்த்தார். மாட்டுக்காரர் தூரத்திலிருந்து இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் பின்வாங்கினேன். அவர் செலக்டரைக் கும்பிட்டு, கையைப் பிடித்து வீட்டுப் பின்பக்கம் அழைத்துப் போய், நொண்டிக்கொண்டிருந்த இன்னொரு யாக்கைக் காட்டினார். மாட்டு டாக்டர் என்று நினைத்துவிட்டார். செலக்டர் அதையும் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். நோய் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் பின்தொடை ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்று தெரிந்தது. எங்களுக்கு உப்புப் போட்ட வெண்ணெய் டீ கிடைத்தது.

நாலாம் நாள் கிளம்பினோம். கணவாய்க்குப் பாதி வழியில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடைசிப் பதினைந்து கிலோமீட்டரை ஆரம்பிப்பது ஏற்பாடு. எங்களுக்குத் தலைவராக லேக்காரப் பையன் ஒருவர், பின்னால் ஒரு வேன், வேனில் அவரோடு ஓர் இளம் பெண் டாக்டர். டாக்டருக்கு இந்தியும் இங்கிலீஷும்தான் தெரியும். தலைவர் ஒரே ஒரு சட்டம் சொன்னார். மதியத்துக்கு மேல் மேலே பனிக்காற்று மோசமாகும். அதனால் ஒரு மணிக்குள் உச்சியைத் தொட வேண்டும். ஒரு மணி ஆகிவிட்டால், யார் எங்கே இருந்தாலும் சைக்கிளோடு வேனில் ஏற்றப்படுவார்கள்.

“பார்சல்” என்று செலக்டர் என் காதில் சொன்னார்.

கோஷ்டியில் எல்லோரும் அவருடைய நீலக் கையுறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். “எக்ஸ்போர்ட் குவாலிட்டிம்மா” என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஏற்றத்தை எப்படிச் சொல்வது? மூச்சை இழுத்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இருபது மிதி மிதித்தால் நெஞ்சு கதவைத் தட்டுகிறது. காலை ஊன்றி நிற்க வேண்டும், எண்ணிக்கொண்டு மூச்சு விட வேண்டும், மறுபடி இருபது மிதி. பாட்டில் தண்ணீர் உறைந்து குலுக்கினால் கல் போல சத்தம் போட்டது. இளவட்டங்கள் வளைவுகளுக்கு அப்பால் போய் மறைந்துவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் கடைசி. எட்டு கிலோமீட்டர் தாண்டியபோது ரவை போலப் பனி விழ ஆரம்பித்தது. அது கையுறையின் மேல் விழுந்து உருகியது. அதைவிட முகமூடிக்குள் மூன்று மணி நேரமாக அவருடைய சொந்த மூச்சே ஈரமாகத் தங்கியிருந்தது. காய்ந்த ஊர் என்று கணக்குப் போட்டவர், தன் மூச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பின்னால் வந்த வேன் எங்களைத் தாண்டி, சட்டென்று நின்றது. டாக்டர் பெண் குதித்து இறங்கி ஓடி வந்தது. செலக்டர் அப்போதுதான் மூச்சு வாங்குவதற்காக முகமூடியையும் கையுறையையும் கழற்றியிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். உதடு நீலம். மூக்கு நுனி நீலம். பத்து விரலும் நகத்தோடு நீலம்.

காற்று பற்றாதவர்களுக்கு உதடும் விரலும் நீலமாகிவிடும், உடனே கீழே இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று லேயில் முதல் நாள் நடந்த வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தப் படத்தில் இருந்தவர்கூட இவ்வளவு நீலமாக இல்லை. டாக்டர் அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டியது. ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். சாயம் ஏறிய நகத்தைப் பார்த்து அந்தக் கருவியும் மிரண்டுபோய், இந்த ஆள் இந்நேரம் நிற்கவே கூடாது என்பது போன்ற ஓர் எண்ணைக் காட்டியது. வேறு விரலில் மாட்டினால் இன்னும் குறைச்சல். அடுத்த நிமிடம் செலக்டர் வேன் படியில் உட்கார்த்தப்பட்டு, முகத்தில் ஆக்சிஜன் குழாய் மாட்டப்பட்டிருந்தார். டாக்டர் “நீச்சே, நீச்சே” என்று கீழே கையைக் காட்டியது.

செலக்டருக்கு இந்தி வரும் என்று அவர் ஊரில் சொல்வார். அது ஆம்பூர் பாய்மாரிடம் பழகிய பாஷை. “நீச்சே நக்கோ” என்று குழாய்க்குள்ளிருந்து சொன்னார். வேண்டாம் என்று அர்த்தம். டாக்டர் காதில் வாங்கவில்லை. டிரைவர் அவருடைய சைக்கிளைத் தூக்கி முன்சக்கரத்தை வேனுக்குள் வைத்துவிட்டார்.

செலக்டர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்த நீலம் எதனால் வந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பாஷையும் இல்லை, தைரியமும் இல்லை. அவருக்கு வேறு கஷ்டம். ரிஜெக்‌ஷன் போட்ட சரக்கு கேட்டைத் தாண்டக் கூடாது என்று முப்பது வருடம் நின்றவர். சொந்தக்காரர் கேட்டால்கூட ஒரு துண்டு தந்ததில்லை. இப்போது தானே ரிஜெக்‌ஷன் போட்ட தோலை மாட்டிக்கொண்டு வந்து, எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று ஊரை ஏமாற்றியதை ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட வேனில் ஏறி இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் அவர் நினைத்தார். எனக்குத் தெரிந்தது. பதினெட்டு வருடம் எதிரில் நின்ற முகம்.

பின்சக்கரமும் உள்ளே போனது. செலக்டர் குழாயை முகத்திலிருந்து விலக்கினார்.

“ஈரத் தேய்ப்பு போடுறா” என்றார்.

நான் டாக்டரின் பெட்டியிலிருந்து கேட்காமலே பஞ்சை எடுத்தேன். வாழ்நாளில் நான் கேட்காமல் எடுத்த பொருள் அது ஒன்றுதான். பனியில் நனைத்தேன். கையுறையை வேன் படியில் விரித்து, கம்பெனியில் செய்வது போலவே அழுத்தி, பத்து முறை எண்ணித் தேய்த்து, பஞ்சைத் திருப்பி டாக்டரிடம் காட்டினேன். நீலம். இன்னொரு பஞ்சை நனைத்துச் செலக்டரின் உதட்டில் பத்து முறை தேய்த்தேன். பஞ்சு நீலமாக ஆக, உள்ளேயிருந்து வழக்கமான, டீ குடித்துக் கறுத்த ஆம்பூர் உதடு வெளியே வந்தது.

டாக்டர் என்னையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தது. கிளிப்பைக் காதில் மாட்டப் போனது. குல்லாவைத் தூக்கினால் காதும் நீலம். கடைசியில் செலக்டரே குனிந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவி, கால் கட்டைவிரலை நீட்டினார். உடம்பிலேயே ரிஜெக்‌ஷன் தோல் படாத ஒரே இடம். கிளிப்பை அதில் மாட்டினார்கள். சிறிது நேரம் பனியில் ஐந்து பேர் ஒரு கட்டைவிரலைச் சுற்றி நின்றோம். எண் மெதுவாக ஏறி, நல்ல இடத்தில் வந்து நின்றது.

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தது. படியில் உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தது. அந்த உயரத்தில் அவ்வளவு சிரித்தால் மூச்சு முட்டும். அதே ஆக்சிஜன் குழாயைத் தான் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டது. பிறகு பொறுப்பாக, அவரை அரை மணி உட்கார வைத்து, இருமச் சொல்லி, நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லி, மறுபடி கட்டைவிரலைப் பார்த்து, சரி என்றது. நீலக் கையுறையையும் முகமூடியையும் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு, தன்னுடைய கம்பளிக் கையுறையைக் கொடுத்தது. செலக்டர் அதைத் தடவிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் என்னிடம் சாடையில் கேட்டது. அவர் சொன்னது செகண்டு. நான் “குட்” என்றேன்.

மணி பத்தாகிவிட்டது. இன்னும் ஏழு கிலோமீட்டர். சைக்கிளை வேனிலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள். இருவரும் மிதித்தோம். ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என் வேகத்துக்கு அவர் நின்று நின்று வந்தால் இருவருமே ஒரு மணிக்குள் சேர மாட்டோம். நான் கையை ஆட்டினேன்.

“நீங்க போங்கண்ணா. நான் வண்டில வந்துக்கறேன்.”

“பார்சலாவா?”

“எனக்கு இன்னாண்ணா? கேன்டீன்ல நான் எதுவும் சொல்லலயே.”

அவர் யோசித்தார். எழுந்து நின்று மிதித்து, முதல் வளைவில் மறைந்துபோனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகிறவன் போலத் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன். பத்து மிதி, நிறுத்தம். எட்டு மிதி, நிறுத்தம். வேன் எனக்குப் பின்னால் ஊர்ந்தது. பன்னிரண்டே முக்கால் இருக்கும். தலைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கடிகாரத்தைக் காட்டினார். ஏறிவிடலாம் என்று முடிவு செய்து ஒரு காலை ஊன்றினேன். அப்போது வளைவில் ஒரு கல்லின் மேல் செலக்டர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தோளிலும் குல்லாவிலும் பனி. காதிலிருந்து கழுத்து வரை நீலம் ஒரு கோடாக இறங்கியிருந்தது.

எனக்குப் பயமாகிவிட்டது. இவரும் முடியாமல் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“இன்னாப்பா, தேர் இழுத்துக்கினு வர மாதிரி வர்ற” என்றார். “ஏறு. இன்னும் ரெண்டே வளைவு.”

“முடியலண்ணா.”

“முடியலன்னா அப்புறம் சொல்லு. இப்போ மிதி.”

அவர் எனக்கு வெளிப்பக்கமாக, பள்ளத்தின் பக்கம் வந்தார். அவர் எண்ணினார், நான் மிதித்தேன். எண்ணுவதற்கே அவருக்கு மூச்சு போதவில்லை. ஆறுக்குப் பிறகு ஏழை விட்டுவிட்டு எட்டுக்குப் போனார். இரண்டு வளைவுகள். திடீரென்று ஏற்றம் நின்றது. ஜெர்மன்காரரின் போனில் பார்த்த அதே கொடிகள் தலைக்கு மேலே படபடத்தன. இளவட்டங்கள் கைதட்டினார்கள். ஒரு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

உச்சியில் இருந்த டீக்கடையில் சூடான தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது கோஷ்டியில் ஒரு பெண் வந்து கேட்டது. “அந்தப் பெரியவர் ஏன் அங்கிள் அப்படிப் பண்ணாரு?”

எப்படி என்று புரியாமல் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கே அவர் மேலே வந்துவிட்டாராம். பெயர்ப்பலகைக்கு இருபது அடி முன்னால் நின்று, இவர்கள் எல்லோரும் வாங்க வாங்க என்று கூப்பிட, கொடிகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாராம். திரும்பிக் கீழே பார்த்தாராம். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிட்டாராம். எதையோ தவறவிட்டுவிட்டார், எடுத்துக்கொண்டு வருவார் என்று இவர்கள் நினைத்தார்களாம்.

ஊருக்கு வந்ததும் கேன்டீனில் எல்லாக் கதையும் நடந்தது. மலை கழுத்துத் தோல் என்று சொன்னார். ரிஜெக்‌ஷன் தோலைப் போட்டுக்கொண்டு போய் நீல உதட்டோடு மாட்டிக்கொண்டதை, நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே எழுந்து நின்று சொன்னார். டிரம் செக்‌ஷன்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் தன் வடையை எடுத்துச் செலக்டர் இலையில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்ன மனிதர், அந்தக் கல்லில் உட்கார்ந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ராணி அண்ணியிடம்கூட இல்லை.

பொங்கலோடு ரிட்டயர் ஆகி இப்போது கலவை என்ற ஊருக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தோடு இருக்கிறார். கத்தரிக்காயை வெயிலில் பிடித்துப் பார்த்துச் செடிகளைத் திட்டுகிறார் என்று கேள்வி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். ஏண்ணா அன்றைக்கு இறங்கி வந்தீங்க என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். அங்கே போனதும் வாய் வராது. கேட்டாலும் என்ன சொல்வார் என்று தெரியும். கால் வலித்தது, அதனால் உட்கார்ந்தேன் என்பார்.

கால் வலிக்கிற எந்த மனிதனும் ஏறி முடித்த மேட்டிலிருந்து இறங்கி வந்து உட்கார மாட்டான்.